உன் படகை இறக்கிவிட்டோம்

அன்புள்ள குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், அப்பாவின் இடுப்பு மட்டும் தனி ஆள் மாதிரி எங்களோடு குடியிருந்துகொண்டு தினமும் ஒரு குறை சொல்கிறது, அதுவும் போன மாதத்துக்கு இப்போது பரவாயில்லை. நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி நல்லபடியாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். ஃபோன் இருக்கும்போது இது எதற்கு என்று சிரிப்பாய். ஃபோனில் நான் வாயைத் திறந்தால் நீ பாதியில் புகுந்து பேசுவாய், எனக்குப் பின்னால் நின்று அப்பா பேசுவார், நான் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். காகிதத்தில் என்னை யாரும் மறிக்க முடியாது. தையல் மெஷினில் யாரோ ஒருவருடைய படகு உறை பாதி தைத்தபடி கிடக்கிறது, அதை ஓரமாகத் தள்ளிவிட்டு அந்தப் பலகை மேலேயே வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் அடியில் இருக்கும் துணி மடிப்பைத் திட்டு, என்னைத் திட்டாதே.

சுற்றி வளைக்காமல் முதலில் சொல்லிவிடுகிறேன். ஏரித் துறை லிஃப்டில் தண்ணீருக்கு மேலே தூக்கி வைத்திருந்த உன் படகை இறக்கிவிட்டோம். அது பத்திரமாக இருக்கிறது, வீட்டுப் பக்கவாட்டுக் கொட்டகையில் இரண்டு மரத் தாங்கிகள் மேல் உட்கார்ந்திருக்கிறது, நான் தைத்த நீல உறையைக் குளிரில் தூங்கும் பிள்ளைக்குப் போர்த்துவது போலப் போர்த்தியிருக்கிறேன். அதன் இடத்தில் இப்போது பெரியப்பாவின் படகு நிற்கிறது. இதைப் படித்ததும் உன் முகம் எப்படிச் சுருங்கும் என்று எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. ஒவ்வொரு தடவையும் பேசி முடிக்கிற நேரத்தில், "என் படகை எடுத்துடாதீங்கம்மா, வர்ற வருஷம் நான் வந்து ஓட்டணும்" என்று சொல்லிவிட்டுத்தானே ஃபோனை வைப்பாய். அதனால் என்ன நடந்தது, எப்படி நடந்தது என்று முழுவதும் படித்துவிட்டு, அப்புறமும் கோபம் வந்தால் தாராளமாகக் கோபப்படு.

அப்பாவுக்கு இடுப்பு ஆபரேஷன் ஆன கதை உனக்குத் தெரியும், அதற்கு அப்புறம் நடந்தது பாதிதான் தெரியும். டாக்டர் இரண்டே விஷயம் சொன்னார். மாடிப்படி ஏறக் கூடாது, காலை உயரமாகத் தூக்கி எதையும் தாண்டக் கூடாது. அப்பா இரண்டையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார், வீட்டுக்கு வந்த அன்றே இரண்டையும் செய்தார். கீழே இருப்பது உன் அறை ஒன்றுதான். "அது குட்டி ரூம், அவ வந்தா எங்க படுப்பா?" என்று கேட்டுவிட்டுப் படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடிக்கு ஏறிவிட்டார். உன் படகு இருக்கிறதே, அதில் ஏற வேண்டுமானால் விளிம்பைத் தாண்டிக் காலை உள்ளே போட வேண்டும், போட்ட உடனே அது ஒரு பக்கம் சாயும், நான் என் வாழ்நாளில் அதில் ஏறாததற்குக் காரணமே அதுதான். ஈ உட்கார்ந்தால்கூட ஆடுகிற படகு. ஆனால் அப்பா வாரம் தவறாமல் துறைக்குப் போய், லிஃப்டை இறக்கி, படகைத் தண்ணீரில் விட்டு, உள்ளே தாண்டி, இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, திரும்ப மேலே ஏற்றிக் கழுவித் துடைத்து வைத்துவிட்டு, முகம் வெளிறி வீட்டுக்கு வருவார். "எதுக்குங்க இந்த வேலை?" என்றால், "ஓட்டாம வெச்சா இன்ஜின் கெட்டுப் போகும், அவ வந்து கேட்டா என்ன பதில் சொல்றது?" என்பார். நானும் வாயை மூடிக்கொள்வேன். ஏன் வாயை மூடிக்கொண்டேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இந்த நேரத்தில்தான் பெரியப்பா தன் மகன் வீட்டோடு போய்விடுவது என்று முடிவு செய்தார். அவருடைய படகை நீ பார்த்திருக்கிறாய், அடியில் இரண்டு பெரிய அலுமினிய உருளைகள், அதற்கு மேல் ஒரு மேடை, சுற்றிலும் கம்பி அழி, வீட்டுக் கேட் மாதிரி ஒரு கதவு. துறைப் பலகையும் அந்த மேடையும் ஒரே மட்டம், காலைத் தூக்கவே வேண்டாம், அறையிலிருந்து அறைக்குப் போவது போல நடந்து போய் உட்கார்ந்துவிடலாம். "தம்பி, எனக்கு இனிமே எதுக்குடா இது, நீ வெச்சுக்க, உன் இடுப்புக்கு இதுதான் சரி" என்று பெரியப்பா சாவியைக் கொடுத்துவிட்டார். அப்பா சாவியை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு ஒரு வாரம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. படகு பெரியப்பா வீட்டுத் துறையில் தண்ணீரிலேயே நின்று அடியில் பாசி பிடித்துக்கொண்டிருந்தது. நம்மிடம் இருப்பது ஒரே லிஃப்ட், இன்னொன்று போட நம் கரையில் இடமும் இல்லை. ஒரு நாள் நான்தான் கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன். "அவளோட படகை எடுக்கணுமே" என்றார். எடுக்கலாம், ஆனால் லிஃப்டில் அதைத் தாங்குகிற கட்டைகளைக் கழற்ற மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றார், அந்த இடுப்போடு.

அந்தக் கட்டைகள்தான் எல்லாவற்றுக்கும் காரணம். உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அதில் ஓடி விளையாடியவள் நீ, இருந்தாலும் மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்டும்போது அவருக்குப் புரிய வேண்டும் இல்லையா. தண்ணீரில் நான்கு தூண்கள், அவற்றுக்கு நடுவே கம்பி வடத்தில் தொங்கும் இரண்டு குறுக்கு இரும்புகள், ஒன்று முன்னால் ஒன்று பின்னால். அந்த இரும்புகள் மேல் கம்பளம் ஒட்டிய இரண்டு நீளக் கட்டைகள். பட்டனை அழுத்தினால் எல்லாம் சேர்ந்து மேலே வரும், படகு அந்தக் கட்டைகள் மேல் உட்கார்ந்துகொண்டு வரும். உன் படகின் அடி நடுவில் கூர்மையானது, அதனால் அப்பா அந்தக் கட்டைகளை நெருக்கமாகவும், உள்பக்கம் சாய்வாகவும், உன் படகின் வயிற்றை ஏந்திக்கொள்கிற மாதிரி அளந்து அளந்து பொருத்தியிருந்தார். பெரியப்பா படகின் உருளைகளோ தள்ளித் தள்ளி இருப்பவை. அந்தக் கட்டைகள் மேல் அது உட்காரவே உட்காராது. முறையாகச் செய்வதென்றால் கட்டைகளைக் கழற்றி, அகலமாகத் தள்ளி, சாய்வை எடுத்துவிட்டுத் திரும்ப முடுக்க வேண்டும். கழற்றினால் அந்த அளவு போய்விடும் என்று அப்பாவுக்குப் பயம். அதனால் இரண்டு நாள் துறையிலேயே உட்கார்ந்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். உன் கட்டைகள் அப்படியே இருக்கட்டும், அவற்றுக்கு வெளிப்பக்கத்தில் இன்னும் கொஞ்சம் உயரமான இரண்டு கட்டைகளைக் கயிற்றால் கட்டிவிடலாம், பெரியப்பா படகு அதில் உட்காரட்டும், குட்டி வந்தால் கயிற்றை அவிழ்த்துவிட்டால் போதும். எனக்கும் கேட்க நன்றாகத்தான் இருந்தது. உன் படகைக் கீழே இறக்கிக் கயிறு கட்டித் துறைக்கு அந்தப் பக்கம் நிறுத்தினோம், நான் கம்பளத் துண்டு வெட்டிப் புதுக் கட்டைகளுக்கு உறை தைத்தேன், அவர் கட்டினார்.

எடையை எல்லாம் அவர் முதலிலேயே பார்த்துவிட்டார். லாரி எடை மேடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனுஷன், அதில் குறை வைப்பாரா. படகு எவ்வளவு, இன்ஜின் எவ்வளவு, பெட்ரோல் எவ்வளவு, பேட்டரி எவ்வளவு, லிஃப்ட் தாங்குவது எவ்வளவு என்று எல்லாம் கூட்டிப் பார்த்து, தாராளமாகத் தாங்கும் என்று சொல்லிவிட்டார். கூட்டல் சரிதான். மொத்த எடையைப் பார்த்தவர் அந்த எடை எங்கே உட்காருகிறது என்று மட்டும் பார்க்கவில்லை. அவரைச் சொல்லி என்ன, நானும்தான் பார்க்கவில்லை, ஏனென்றால் எங்கே நிறுத்த வேண்டும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் மனப்பாடம். பக்கத் தூணில் கட்டியிருக்கும் உன் சிவப்பு ரிப்பன் நினைவிருக்கிறதா? நீ படகு ஓட்டப் பழகிய நாளில், எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் ஒவ்வொரு தடவையும் முட்டிக்கொண்டு நின்றாய் என்று, உன் பள்ளிக்கூட ரிப்பனை அவிழ்த்து அப்பா தூணில் கட்டினார். படகின் மூக்கு ரிப்பனுக்கு நேராக வந்தால் நிறுத்து, அவ்வளவுதான் பாடம். அன்றிலிருந்து இந்த வீட்டில் லிஃப்ட் என்றால் மூக்கு ரிப்பனுக்கு வர வேண்டும், வேறு பேச்சே கிடையாது. ரிப்பன் வெளுத்து இப்போது சிவப்பு என்று சொன்னால்தான் சிவப்பு.

பெரியப்பா படகை அப்பாதான் ஓட்டிக்கொண்டு வந்தார். முகத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஆனால் அடக்கத் தெரியாமல், ஒரு ராஜா மாதிரி நின்று ஓட்டினார். நான் துறையில் நின்று, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், ரிப்பன் வந்தாச்சு, நிறுத்துங்க!" என்று கத்தினேன். மிகச் சரியாக நிறுத்தினார். இறங்குங்கள் என்றேன், ஆள் இருக்கும்போது லிஃப்டைத் தூக்கக் கூடாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான், "இறங்கி ஏறி எதுக்கு, மேல வந்தா துறை மட்டத்துக்கு நானே நடந்து வந்துடறேன், நீ பட்டனை அழுத்து" என்றார். அழுத்திவிட்டேன். படகு தண்ணீரை விட்டு மேலே வந்தது, அழகாகத்தான் வந்தது, முழங்கால் உயரம் வந்திருக்கும். உன் படகை விட இது நல்ல நீளம் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும், தெரிந்து என்ன பிரயோசனம், மூக்கு உன் ரிப்பனில் நின்றதால் வாலும் இன்ஜினும் பின்பக்கக் குறுக்கு இரும்பைத் தாண்டி அந்தரத்தில் நின்றன. மூக்கு லேசாகத் தூக்கியது. ஏதோ சத்தம் கேட்டது. கயிற்றில் கட்டிய கட்டை உருண்டது, படகு பின்பக்கமாகச் சறுக்கித் தண்ணீருக்குள் வாலை விட்டது, அப்பா அழியைப் பிடித்தபடியே உட்கார்ந்த நிலையில் வழுக்கிக்கொண்டு போய் இடுப்பளவு தண்ணீரில் நின்றார், நின்றார் என்று சொல்லக் கூடாது, படகின் மேடையில் உட்கார்ந்திருந்தார், தண்ணீர் அவர் மடியில் இருந்தது. தொப்பி மட்டும் தனியாக ஏரியைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பிவிட்டது.

இப்போது சிரித்துக்கொண்டே எழுதுகிறேன், அப்போது என் உயிர் என்னிடம் இல்லை. பட்டன் மேலிருந்து கையை எடுக்கக்கூடத் தோன்றாமல் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டேன், கல்யாணமான நாளிலிருந்து நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. அதற்குத்தான் அவர் அதிகமாகப் பயந்தார் என்று நினைக்கிறேன். "பட்டனை விடு முதல்ல!" என்று அவர் கத்திய பிறகுதான் விட்டேன். சத்தம் கேட்டுப் பக்கத்துத் துறையில் மீன் வலை அலசிக்கொண்டிருந்த அண்ணனும் தம்பியும் ஓடி வந்து தண்ணீரில் இறங்கி அவரைத் தூக்கிவிட்டார்கள். அடி எதுவும் இல்லை, ஆபரேஷன் செய்த இடமும் சரியாக இருக்கிறது என்று டாக்டர் படம் எடுத்துப் பார்த்துச் சொல்லிவிட்டார், நீ பதறாதே. ஆனால் அன்று சாயங்காலம் நாற்காலியில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. அவர் மேல் கோபம், என் மேல் கோபம், அந்த ரிப்பன் மேல்கூடக் கோபம். ஒரு சாண் தள்ளி அந்த இரும்பு மேல் விழுந்திருந்தால் இந்தக் கடிதத்தை நான் இப்படி எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

மறுநாள் லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஃபோன் போட்டேன். நாம் "இதோ வந்துட்டேன்" என்று பெயர் வைத்திருக்கிறோமே, அவர்தான். எப்போது கூப்பிட்டாலும் "இதோ வந்துட்டேங்கா" என்பார், வருவதற்கு வாரம் ஆகும். இந்தத் தடவை அப்பா விழுந்துவிட்டார் என்றதும் மத்தியானமே வந்து நின்றார், அதற்காகவே அவரை மன்னித்துவிட்டேன். கயிற்றையும் கட்டையையும் பார்த்துவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்து, "சார், இது லிஃப்டா, துணி காயப்போடுற கொடியா?" என்று கேட்டார். அப்பா, குட்டி வந்தால் திரும்பப் போட வேண்டும், அதனால்தான், என்று இழுத்தார். அதற்கு அந்த மனுஷன், "சார், ஒண்ணு இந்தப் படகுக்கு மாத்துங்க, இல்ல அந்தப் படகையே வெச்சுக்குங்க. ரெண்டுக்கும் பொதுவா வெச்சீங்கன்னா எதையும் ஒழுங்கா தாங்காது, நாளைக்கு நான் வந்து உங்களைத்தான் தூக்கணும்" என்று சொல்லிவிட்டு, பெரிய ஸ்பேனர் வண்டியில் இல்லை, கடைக்குப் போய் எடுத்து வருகிறேன், அதுவரைக்கும் நட்டில் எல்லாம் எண்ணெய் விட்டு ஊற வையுங்கள், கழற்றுவதா வேண்டாமா என்று நீங்களே முடிவு பண்ணி வையுங்கள் என்று கிளம்பிவிட்டார்.

நாங்கள் இரண்டு பேரும் துறையில் தனியாக உட்கார்ந்திருந்தோம். பெரியப்பா படகை வெளியே இழுத்துக் கட்டிவிட்டு லிஃப்டைப் பலகை மட்டத்துக்குத் தூக்கி வைத்திருந்ததால் கட்டைகள் கைக்கு எட்டின. எண்ணெய்க் குப்பியை நான் பிடித்துக்கொண்டேன், அப்பா துருப்பிடித்த நட்டுகள் மேல் சொட்டுச் சொட்டாக விட்டார். கடைசி நட்டுக்கு வந்ததும் கையை நிறுத்திவிட்டார். நான் எப்படியாவது பேச்சை ஆரம்பிக்க வேண்டும் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன், அதற்குள் அவரே ஏரியைப் பார்த்துக்கொண்டு, "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும், மனசைத் தளர விடாதே. குட்டி அங்கயே வீடு வாங்கிட்டான்னு நெனைக்கிறேன்" என்றார்.

குட்டி, எனக்கு அது தெரியும். போன மழைக்காலத்திலிருந்தே தெரியும். நீ வீடியோவில் பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் சுவரில் துளை போடும் சத்தம் கேட்டது, பக்கத்து வீட்டில் வேலை நடக்கிறது என்று சொல்லிவிட்டு அந்தச் சத்தத்தை மறைக்க நீ இருமினாய். இருமினது சரி, உன் தலைமுடி மேல் சுண்ணாம்புத் தூள் விழுந்ததே, அது பக்கத்து வீட்டிலிருந்தா பறந்து வந்தது? அடுத்த தடவை பார்த்தால் உனக்குப் பின்னால் பலகை அலமாரி, சுவரோடு சேர்த்துத் திருகி மாட்டியது. வாடகை வீட்டுச் சுவரில் ஒரு ஆணி அடிக்கவே வீட்டுக்காரரிடம் கெஞ்சியவள் நீ, இவ்வளவு பெரிய அலமாரியைத் துளைத்து மாட்டுவாயா? அம்மா தையல்காரிதான், ஆனால் கண் இருக்கிறது. சொந்தமாக வாங்கியிருக்கிறாள், எங்களிடம் சொல்லப் பயப்படுகிறாள் என்று அன்றே புரிந்துவிட்டது. அப்பாவுக்குத் தெரிந்தால் உடைந்துபோவாரே என்று நான் மூச்சு விடவில்லை. வர்ற வருஷம் வருவாள் என்று அவர் சொல்லும்போதெல்லாம் ஆமாம் என்று தலையாட்டினேன். உன் படகை அவர் துடைக்கும்போது தடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குத்தான் வாயை மூடிக்கொண்டேன் என்று மேலே எழுதினேன்.

அவரும் அதே அலமாரியைத்தான் பார்த்திருக்கிறார். எனக்குத் தெரிந்தால் நான் தாங்க மாட்டேன் என்று அவர் மூச்சு விடவில்லை. நான் சந்தேகப்படக் கூடாது என்பதற்காகத்தான் வாரம் தவறாமல் உன் படகை இறக்கி ஏற்றியிருக்கிறார், உன் அறைக்கு மாறாமல் மாடி ஏறியிருக்கிறார். "நீ அந்த ரூமைப் பெருக்கித் துடைச்சு, வாரா வாரம் படுக்கை விரிப்பு மாத்தறதைப் பாத்தேன், நான் போய் அதுல படுத்தா உன் மனசு என்ன ஆகும்னு விட்டுட்டேன்" என்கிறார். விரிப்பு மாற்றியதே, நீ வருவாய் என்று அவர் நம்பிக்கொண்டிருக்கட்டும் என்பதற்காகத்தான் என்று நான் சொன்னேன். முதலில் சிரித்தது அவர்தான், முதலில் அழுதது யார் என்று எழுத மாட்டேன். ஒரு வீட்டில் இரண்டே பேர், அந்த இரண்டு பேரும் ஒருவருக்காக ஒருவர் நடித்து, நடித்து, ஒருவர் தண்ணீரில் விழுகிற வரைக்கும் போயிருக்கிறோம். உன்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்திருக்கும். நீயும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். பொய்யில் நீ எங்கள் பெண்தான், யாரிடமிருந்து வந்தது என்று தேட வேண்டியதில்லை.

கடைசி நட்டுக்கும் அவரே எண்ணெய் விட்டார். மெக்கானிக் வந்து கட்டைகளைக் கழற்றினார், அகலமாகத் தள்ளினார், சாய்வை எடுத்தார், உருளைகளுக்கு நேர் கீழே வருகிற மாதிரி வைத்து போல்ட் போட்டு முடுக்கினார். இந்தத் தடவை படகில் யாரும் இல்லை, கயிறு கட்டி இழுத்துத்தான் உள்ளே கொண்டுவந்தோம். ஒரு சாண் தூக்குவது, எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பது, இறக்குவது, கொஞ்சம் முன்னால் தள்ளுவது, திரும்பத் தூக்குவது என்று பொறுமையாகச் செய்தார்கள். அதில் அப்பா எடை மேடை ஆள் ஆகிவிட்டார், "இன்னும் பின்னாடி கனம், இன்னும் தள்ளு, இப்ப சரி, இப்ப ரெண்டு இரும்புக்கும் சமமா பங்கு போச்சு" என்று குந்தி உட்கார்ந்து கண்ணாலேயே அளந்தார், குந்தக் கூடாது என்று நான் கத்தியது யார் காதிலும் விழவில்லை. படகின் மூக்கு உன் ரிப்பனைத் தாண்டிக் கரைப்பக்கமாக நன்றாக முன்னே வந்து நின்றது. மேலே தூக்கினால் மேசை மேல் வைத்த தட்டு மாதிரி மட்டமாக நின்றது. மெக்கானிக் கிளம்பிய பிறகு, பழைய ரிப்பன் இருந்தால் மறுபடியும் கை பழக்கத்தில் அங்கேயே நிறுத்திவிடுவோம், அவிழ்த்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். முடிச்சு இறுகி அவிழவில்லை, அப்பா பேனாக் கத்தியால் அறுத்தார். அறுத்ததைப் பைக்குள் போடுவார் என்று பார்த்தேன், இல்லை, புது மூக்கு வந்து நிற்கிற இடத்துக்கு நேராகத் துறை ஓரக் கம்பியில் கட்டினார், ரிப்பன் குட்டையாகிவிட்டதால் முடிச்சு சின்னதாகத்தான் வந்தது. "அடையாளம்னு ஒண்ணு வேணுமில்ல" என்றார்.

அன்று சாயங்காலமே முதல் சவாரி. அப்பா கதவைத் திறந்து நடந்து போய் உட்கார்ந்தார், முகம் சுளிக்கவில்லை. என்னையும் கூப்பிட்டார். நான் தண்ணீரைப் பார்த்தேன், படகைப் பார்த்தேன், பக்கத்துத் துறை அண்ணன் தம்பி வேடிக்கை பார்ப்பதையும் பார்த்தேன், சரி ஆனது ஆகட்டும் என்று ஏறிவிட்டேன். ஆடவே இல்லை குட்டி. இத்தனை வருஷம் இந்த ஏரிக்கரையில் குடியிருந்து, ஊரில் இருக்கிற படகுக்கெல்லாம் உறை தைத்து, நம் வீடு தண்ணீரிலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன். சமையலறைச் சன்னலுக்கு மேலே சுவர் வெடித்திருக்கிறது, அதை அடைக்க ஆள் சொல்லியிருக்கிறேன். இப்போது தினமும் போகிறோம். அப்பா உன் அறைக்கு மாறிவிட்டார், உன் புத்தகங்களை மாடிக்கு ஏற்றியாகிவிட்டது, உன் கட்டிலில் படுத்தால் கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று புகார், அதற்கு ஒரு சின்ன மெத்தை தைத்துக் காலடியில் போட்டிருக்கிறேன். நீங்கள் வந்தால் மாடி அறை உங்களுக்கு, காற்று நன்றாக வரும், மாப்பிள்ளைக்கும் பிடிக்கும்.

இனி உன்னிடம் கேட்க வேண்டியது. அக்கரை ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருக்கும் நர்ஸ் ஒருத்தி, தினமும் போக வர யாராவது படகுக்காரருக்குக் காத்துக்கொண்டு நிற்கிறாள். கொட்டகையில் உன் படகைப் பார்த்துவிட்டு, "அக்கா, இதைத் தருவீங்களா?" என்று கேட்டாள். அது என் மகளுடையது, அவளைக் கேட்டுத்தான் சொல்ல முடியும் என்று சொல்லியிருக்கிறேன். கொடு என்றால் கொடுக்கிறோம், வேண்டாம் என்றால் உறைக்குள் பத்திரமாக இருக்கும், அப்பாவுக்கும் எனக்கும் இரண்டும் சம்மதம். ஒன்று மட்டும் செய்யாதே, எங்களுக்காக என்று அதை வைத்துக்கொள்ளாதே. அதே மாதிரி, பேசி முடிக்கும்போது வர்ற வருஷம் என்று சொல்வதையும் இனிமேல் விட்டுவிடு கண்ணு. அதைச் சொல்லும்போது உன் குரல் தணிந்துபோகிறது, ஒவ்வொரு தடவையும் அதைக் கேட்டுவிட்டு நான் ஃபோனை வைத்த பிறகும் அங்கேயே நின்றுகொண்டிருப்பேன். லீவு கிடைக்கும்போது வா, இருக்கிற நாள் சந்தோஷமாக இரு, திரும்பிப் போ. உன்னைப் பார்க்காமல் எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன், பொய் சொல்லிச் சொல்லித்தானே இவ்வளவும் வந்தது. ஆனால் நீ எங்கள் முன்னால் உன் வீட்டை ஒளித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. சொந்த வீடு வாங்கியிருக்கிறாய், ஊரைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டிய விஷயம், நான் இன்னும் பக்கத்து வீட்டில்கூடச் சொல்லவில்லை, நீ வாயால் சொன்ன பிறகு சொல்ல வேண்டும் என்று காத்துக்கொண்டிருக்கிறேன். சன்னல் அளவுகளை அனுப்பு, திரைச்சீலை தைத்து அனுப்புகிறேன், கடையில் வாங்காதே, அவர்கள் ஓரத்தை மடித்துத் தைப்பதே இல்லை.

புது வீட்டில் நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல், மனம்விட்டுப் பேசிக்கொண்டு, நீண்ட காலம் நிறைவாக வாழ வேண்டும். அப்பாவின் ஆசீர்வாதமும் இதிலேயே இருக்கிறது. அடுத்த தடவை பேசும்போது அந்த ஒரே சுவருக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்காராதே, வாசல் கதவிலிருந்து ஆரம்பித்து, சமையலறை, பின்கட்டு, குழாயடி என்று வீடு முழுக்க எங்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டு. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அப்பா பின்னால் வந்து எட்டிப் பார்த்துவிட்டு இதையும் சேர்க்கச் சொல்கிறார். அந்த அலமாரியில் மூன்றாவது பலகை இடது பக்கம் இறங்கியிருக்கிறதாம், போன மழைக்காலத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறாராம், சொல்ல முடியாமல் தவித்தாராம். புத்தகம் அடுக்குவதற்கு முன்னால் மாப்பிள்ளையிடம் அதைக் கழற்றி மட்டம் பார்த்து மாட்டச் சொல் என்கிறார். "ரொம்ப நாள் இருக்கப் போற வீடு, ஒழுங்கா மாட்டட்டும்" என்கிறார்.

உன் அன்பு அம்மா,
பின்னால் நின்று படித்துக்கொண்டிருக்கும் அப்பா.